டான்யூப் கப்பலுக்கு எத்தனை விசா வேண்டும்?

19 ஜனவரி 2025, காலை

விசுவமடுவிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “ரீச்சர், ஜேர்மனியில் இருக்கும் அக்கா என்னையும் மனைவியையும் ஆற்றுக் கப்பலில் கூட்டிப்போக ஆசைப்படுகிறார். ஹங்கேரியில் ஏறி ருமேனியாவில் இறங்குவது. படுக்கை, சாப்பாடு எல்லாம் கப்பலிலேயே. கரையில் கால் வைக்காவிட்டால் வழியில் உள்ள நாடுகளுக்கு விசா தேவையில்லை, மிச்சத்தைக் கப்பல் கம்பனி பார்த்துக்கொள்ளும் என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். நீங்களும் மே மாதம் அதே ஆற்றில் போகிறீர்களாம். அவர் சொல்வது சரியா?”

சரியில்லை. அதை நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள். கடலில் கரையிலிருந்து 12 கடல்மைல் தாண்டிவிட்டால் எந்த நாட்டின் எல்லைக்குள்ளும் இல்லாத நீருக்குக் கப்பல் போய்விடும். ஆற்றில் அப்படி ஒரு நீர் கிடையாது. டான்யூப்பின் ஒவ்வொரு முழமும் யாரோ ஒருவருடையது. பல இடங்களில் இடக்கரை ஒரு நாடு, வலக்கரை இன்னொரு நாடு. கப்பல்காரர்கள் பயணிகளின் பெயர்ப்பட்டியலைக் கொடுப்பார்கள், கடவுச்சீட்டுகளைச் சேர்த்து அதிகாரிகளிடம் காட்டுவார்கள். விசா எடுத்து வருவது பயணியின் பொறுப்பு. அது இல்லாமல் படிக்கட்டில் போய் நின்றால் ஏற்ற மாட்டார்கள்.

நான் 31 ஆண்டுகள் புவியியல் படிப்பித்தவள். கருங்காட்டில் தொடங்கிக் கருங்கடலில் விழும் ஆறு, சுமார் 2,850 கிலோமீற்றர், பத்து நாடுகள் என்று கரும்பலகையில் எத்தனை தடவை வரைந்திருப்பேன். ஜேர்மனி, ஆஸ்திரியா, சிலோவாக்கியா, ஹங்கேரி, குரோஷியா, சேர்பியா, ருமேனியா, பல்கேரியா, மொல்டோவா, உக்ரேன். மொல்டோவாவுக்கு அந்த ஆற்றில் இருப்பது அரைக் கிலோமீற்றர் அளவு கரை. அதையும் ஒரு நாடாக எண்ண வேண்டுமா என்று பின்வாங்கிலிருந்து ஒரு பையன் ஒவ்வோர் ஆண்டும் கேட்பான். எண்ணத்தான் வேண்டும்.

ஆகவே தம்பி, ஹங்கேரிக்கு ஷெங்கன் விசா எடுங்கள் (ஷெங்கன் என்பது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டம்). குரோஷியா, சேர்பியா, பல்கேரியா, ருமேனியா நான்குக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டும்.

19 ஜனவரி 2025, இரவு

காலையில் எழுதிய கடைசி வரி பிழை. அழிக்காமல் விடுகிறேன், ஏனென்றால் இதையே இன்னும் பலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

பேர்ணில் இருக்கும் தங்கை வாசித்துவிட்டு உடனே அழைத்தாள். “அக்கா, உங்களுடைய தேசப்படம் பழையது” என்றாள். குரோஷியா 2023 ஜனவரி 1 முதல் ஷெங்கனுக்குள் இருக்கிறது. பல்கேரியாவுக்கும் ருமேனியாவுக்கும் 2024 மார்ச் 31 அன்று வான்வழி, கடல்வழிக் கதவுகள் திறந்தன. தரை எல்லைச் சோதனை இந்த ஆண்டு ஜனவரி 1 அன்றுதான் எடுபட்டது, அதாவது பதினெட்டு நாளுக்கு முன்னர். இந்தப் பாதையில் வெளியே நிற்பது சேர்பியா மட்டும். செல்லுபடியான ஷெங்கன் விசா கையில் இருந்தால், அந்த விசாவின் காலத்துக்குள், 90 நாள் வரை சேர்பியா தன் விசா இல்லாமலே உள்ளே விடுகிறது.

ஆக, ஒரே ஒரு ஷெங்கன் விசா போதும். எனக்கும் பெரிய நிம்மதி.

26 ஜனவரி 2025

எந்தத் தூதரகத்தில் கொடுப்பது என்று தம்பி கேட்கிறார். இரவுகளை எண்ணுங்கள். எந்த ஷெங்கன் நாட்டில் கூடிய நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் கொடுக்க வேண்டும். நாள்கள் சமமாக வந்தால் முதலில் எந்த நாட்டுக்குள் கால் வைக்கிறீர்களோ அது. எங்களுக்குத் தங்கை வீட்டில் இருபது இரவு, கப்பலில் ஏழு; ஆகவே சுவிஸ். உங்கள் அக்கா வீட்டில் இரண்டு கிழமை நிற்பதென்றால் உங்களுக்கு ஜேர்மனி. கப்பல் ஏழு நாடு போகட்டும், அதனால் இந்தக் கணக்கு மாறாது.

பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்னரே கொடுக்கலாம். கடைசி நாள் பதினைந்து நாளுக்கு முன். முடிவு சொல்ல அவர்களுக்கு 15 நாள், தேவைப்பட்டால் 45 நாள் வரை நீளும். கட்டணம் 2024 ஜூன் 11 முதல் பெரியவருக்கு 90 யூரோ, 6 முதல் 12 வயது வரை 45, அதற்குக் கீழே இலவசம். விண்ணப்ப நிலையத்தின் சேவைக் கட்டணம் வேறு. மறுத்தாலும் காசு திரும்பாது.

9 பெப்ரவரி 2025

நீண்ட குறிப்பு இது. பத்திரங்களைப் பற்றி.

கடவுச்சீட்டு பத்து ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும், ஷெங்கனை விட்டு வெளியேறும் நாளுக்குப் பின் மூன்று மாதமாவது செல்ல வேண்டும், இரண்டு வெற்றுப் பக்கம் வேண்டும். என் கணவருடையது ஜூலையில் முடிகிறது. நாங்கள் திரும்புவது ஜூன். எனவே வவுனியாப் பிராந்திய அலுவலகத்துக்குப் போய்ப் புதிதாக எடுத்தோம். மருத்துவக் காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு. தங்கை தரப்பிலிருந்து அழைப்புக் கடிதமும் பொறுப்புறுதிப் படிவமும். கப்பல் பதிவுச் சீட்டில் எந்த நாள் எந்தத் துறை என்ற பட்டியல் இருக்கிறது, அதையும் இணைக்க வேண்டும். இவை எல்லாம் காசும் நேரமும் இருந்தால் நடக்கும் வேலைகள்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் கல்லாக நிற்பவை வேறு. தங்கை என் உடன்பிறந்தவள் என்று காட்ட இருவருடைய பிறப்புச் சான்றிதழும் வேண்டும். என்னுடையது 2009இல், போரின் கடைசிக் காலத்தில், வலைஞர்மடத்தில் நின்றபோதும் என்னோடு இருந்தது. ஒரு பொலித்தீன் பையில் சான்றிதழ், அடையாள அட்டை, காணிப் பத்திரம், இரண்டு படம். பையைச் சேலைத் துணியால் இடுப்பில் கட்டியிருந்தேன். மடிப்பு விழுந்த இடத்தில் எழுத்து கரைந்து ஒரு பழுப்புக் கோடு மட்டும் நிற்கிறது. அந்தக் கோட்டில்தான் பதிவிலக்கம் இருந்தது. பிறப்பைப் பதிந்த பகுதியின் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்து அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுத்தேன். எல்லாவற்றையும் இழந்தவர்களும் இப்படித்தான் தொடங்க வேண்டும், ஆனால் அதற்கு இரண்டு மாதத்தை ஒதுக்குங்கள். பிரதி வந்தபின் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் பெயர்க்க வேண்டும்.

அங்கேயும் ஒரு சங்கடம். அப்பாவின் பெயரை என் மொழிபெயர்ப்பில் ஒருவிதமாகவும், தங்கை 1989இல் சுவிஸுக்குக் கொண்டுபோன மொழிபெயர்ப்பில் வேறுவிதமாகவும் எழுதியிருக்கிறார்கள். ஓர் ஆங்கில எழுத்து வித்தியாசம். தமிழில் ஒரே பெயர். ஆங்கிலத்தில் பார்க்கிறவருக்கு இரண்டு தகப்பன். இரண்டும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்து வைத்தேன். மொழிபெயர்ப்பாளரிடம் போகுமுன் உறவினரின் கடவுச்சீட்டில் எந்த எழுத்து நிற்கிறது என்று கேட்டு, தாளில் எழுதிக் கொண்டுபோங்கள்.

அடுத்தது வங்கிக் கூற்று, ஆறு மாதத்துக்கு. என் ஓய்வூதியம் மாதா மாதம் ஒழுங்காக விழுகிறது, கேள்வி இல்லை. இவர் கமம் செய்பவர். ஆறு மாதம் புத்தகத்தில் எடுப்புத்தான், பின்னர் காலபோகம் (மாரி மழையில் விளையும் போகம்) வெட்டி நெல் விற்றதும் ஒரே நாளில் பெரிய தொகை. நவம்பர் வெள்ளம் கொண்டுபோனது போக மிஞ்சியதுதான், ஆனாலும் விண்ணப்பத்துக்குச் சற்று முன்னர் திடீரென்று விழுந்த காசு, கடன் வாங்கிக் காட்டிய காசு போலத் தெரியும். அதற்காக நெல் விற்ற பற்றுச்சீட்டுகள், கமநல சேவை நிலையத்துப் பதிவு, எங்கள் ஊரில் ஆண்டுக்கு இரண்டு போகம் என்று விளக்கி அரைப்பக்கக் கடிதம். அந்தக் கடிதத்தை நானே எழுதினேன். எங்கள் விண்ணப்பப் படிவத்தை நிரப்பிய முகவருக்குக் காலபோகமும் தெரியவில்லை, சிறுபோகமும் தெரியவில்லை.

10 பெப்ரவரி 2025

கண்டாவளையிலிருந்து ஓர் அண்ணன்: “உறுதிக் காணி இல்லை, அனுமதிப்பத்திரக் காணிதான். அதைக் காட்டினால் எடுபடுமா?” நாங்களும் அதைத்தான் வைத்தோம், அண்ணன். விற்கக்கூடிய சொத்தா என்பதைவிட, திரும்பி வர உங்களுக்கு ஒரு காரணம் இருக்கிறதா என்பதையே அவர்கள் பார்க்கிறார்கள். பத்திரத்தின் மொழிபெயர்ப்பு, அந்தக் காணியில் நீங்கள்தான் குடியிருந்து பயிர் செய்கிறீர்கள் என்ற கிராம அலுவலர் கடிதம், இரண்டையும் சேர்த்து வையுங்கள்.

5 மார்ச் 2025

நேற்றுக் கொழும்பு. இரவு பஸ்ஸில் போய், கைரேகை கொடுத்து, இரவு பஸ்ஸிலேயே திரும்பினோம். கைரேகைக்கு நேரில் போயே ஆக வேண்டும். ஒரு தடவை கொடுத்தால் 59 மாதத்துக்கு வைத்திருப்பார்கள். அதற்குள் மீண்டும் விண்ணப்பித்தால் அதையே எடுத்துக்கொள்ளலாம்.

இவருடைய பெருவிரல் கருவியில் பதியவில்லை. நாற்பது ஆண்டு மண்வெட்டி பிடித்த விரல். அந்தப் பிள்ளை பொறுமையாக ஈரத்துணியால் துடைத்து, ஐந்தாம் தடவை எடுத்தாள். கமம் செய்பவர்கள் போவதற்கு ஒரு கிழமைக்கு முன்னரே இரவில் கைக்கு எண்ணெய் பூசிவாருங்கள்.

21 மார்ச் 2025

விசா வந்துவிட்டது. இரண்டு பேருக்கும். மாதாவுக்கும் பிள்ளையாருக்கும் ஒரே நாளில் நன்றி சொல்கிற வீடு எங்களுடையது.

23 மார்ச் 2025

இதை எழுத மனமே வரவில்லை.

நேற்று மாலை இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விசாவை எழுத்தெழுத்தாக வாசித்துக்கொண்டிருந்தார். “இந்த ஒன்று என்ன?” என்று கேட்டார். நுழைவுகளின் எண்ணிக்கை என்று ஒரு கட்டம். அதற்குக் கீழே 01.

ஒரு தடவை நுழையலாம். சூரிச்சில் இறங்கும்போது அந்த ஒன்று செலவாகிவிடும். ஹங்கேரி, குரோஷியா வரை பிரச்சினை இல்லை. கப்பல் சேர்பியாவுக்குள் நுழைந்ததும் நாங்கள் ஷெங்கனை விட்டு வெளியேறியவர்கள். நோவி சாட் பார்க்கலாம், பெல்கிரேட் பார்க்கலாம். அதன் பிறகு பல்கேரியக் கரையில் அது இரண்டாம் நுழைவு, எங்கள் கையில் அது இல்லை. பெட்டியோடு பெல்கிரேடில் இறங்கி, அங்கிருந்து நேரே இலங்கைக்கு விமானம் பிடிக்க வேண்டியதுதான்.

ஜனவரி 19 இரவு “ஒரே ஒரு ஷெங்கன் விசா போதும்” என்று எழுதினேன் அல்லவா? அதை இப்படித் திருத்தி வாசியுங்கள்: ஒரே விசா போதும், ஆனால் அதில் இரண்டு நுழைவு அல்லது பல நுழைவு இருக்க வேண்டும். நாடுகளின் எண்ணிக்கையை நான் கவனித்தேன். கோட்டுக்கு வெளியே போய்த் திரும்பி வரும் எண்ணிக்கையைக் கவனிக்கவில்லை.

விண்ணப்பப் படிவத்தின் பிரதியை எடுத்துப் பார்த்தேன். எத்தனை நுழைவு கேட்கிறீர்கள் என்று மூன்று கட்டம்: ஒன்று, இரண்டு, பல. முகவர் ஒன்றில் புள்ளடி போட்டிருக்கிறார். கேட்டதைத் தந்திருக்கிறார்கள், தூதரகத்தின் மேல் குறை இல்லை. முகவரிடம் கேட்டேன். “எல்லாருக்கும் அப்படித்தான் போடுவது, ரீச்சர். கூடக் கேட்டால் சந்தேகப்படுவார்கள்” என்றார். பயணத் திட்டத்தில் சேர்பியா இருக்கும்போது இரண்டு நுழைவு கேட்பதில் என்ன சந்தேகம்? கேட்காமல் விட்டதால்தான் திட்டமும் படிவமும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. கமக் கடிதத்தை நானே எழுதிய நான், அந்தப் பக்கத்தையும் நானே வாசித்துத்தான் கையெழுத்து வைத்திருக்க வேண்டும்.

30 மார்ச் 2025

ஒட்டிய விசாவில் எண்ணை மாற்றித் தர மாட்டார்கள். மீண்டும் புதிதாக விண்ணப்பம், புதிதாகக் கட்டணம், புதிதாகக் காத்திருப்பு. பயணத்துக்கு ஏழு கிழமைதான் இருக்கிறது. 45 நாள் எடுத்தால் முடிந்தது. தங்கையும் மருமகனும் பேசி, மாற்றுக் கட்டணம் கட்டி, பயணத்தையே மேல் டான்யூப்புக்கு மாற்றிவிட்டார்கள். ஜேர்மனியின் பஸ்ஸாவில் ஏறி, மெல்க், வியன்னா, பிராத்திஸ்லாவா வழியாகப் புடாபெஸ்டில் இறங்குவது. நான்கு நாடும் ஷெங்கன், வெளியே ஓர் அடிகூடப் போகாது. 01 போதும்.

தங்கை ஒரு சொல்லும் குறை சொல்லவில்லை. அவளுடைய அறுபதாவது பிறந்தநாளுக்குத்தான் இந்தப் பயணம். ஆனால் எனக்கு இரும்புக் கதவைப் பார்க்க வேண்டும் என்றிருந்தது. சேர்பியாவுக்கும் ருமேனியாவுக்கும் நடுவில் மலையைப் பிளந்துகொண்டு ஆறு போகும் இடம். 1972இல் திறந்த அணை இருக்கிறது அங்கே. படத்தைச் சுவரில் ஒட்டி எத்தனை வகுப்புக்குக் காட்டியிருப்பேன்.

6 ஏப்ரல் 2025

இந்தக் கிழமை வந்த கேள்விகள் பல ஆறுகளில் ஓடுகின்றன.

லண்டனில் நிரந்தர வதிவிடம், கையில் இலங்கைக் கடவுச்சீட்டு: ஷெங்கன் விசா எடுத்தே ஆக வேண்டும். பிரித்தானியா அந்தக் கூட்டத்தில் இல்லை. கனடாவில் நிரந்தர வதிவிடம் உள்ளவருக்கும் அப்படியே. கனடாக் குடியுரிமை எடுத்தவருக்கு, 180 நாளில் 90 நாள் வரை, விசா தேவையில்லை.

சுவிஸில் பி அல்லது சி வதிவிட அட்டை, இலங்கைக் கடவுச்சீட்டு: இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு மற்ற ஷெங்கன் நாடுகளுக்குப் போய் வரலாம். எஃப் அட்டைக்காரர் (தற்காலிகமாக இருக்க விடப்பட்டவர்) மீள்வருகை அனுமதி பெறாமல் சுவிஸ் எல்லையைத் தாண்டக் கூடாது. ரைன் ஆற்றுக் கப்பல் பாசலில் புறப்பட்டுக் கொஞ்ச நேரத்தில் வெளியே போய்விடும். தயவுசெய்து “ஒரு நாள் சுற்றுத்தானே” என்று ஏறிவிடாதீர்கள். இதை ஒரு தாய் கேட்டிருந்தார், மகனுக்காக. அவருக்குத் தனியாகவும் எழுதியிருக்கிறேன்.

கொழும்பிலிருந்து வேறு நாட்டுக்குப் போகும் வழியில் ஃபிராங்ஃபர்ட்டில் விமானம் மாறுவது: இலங்கைக் கடவுச்சீட்டுக்கு விமான நிலையத்தின் உள்ளே நிற்பதற்கும் இடைத்தங்கல் விசா வேண்டும். பட்டியலில் உள்ள பன்னிரண்டு நாடுகளில் நாங்களும் ஒன்று. எங்களைப் போல டோஹா வழியாகப் போனால் அந்தத் தொல்லை இல்லை.

மீகொங்: கம்போடியாவிலிருந்து வியட்நாமுக்குள் கப்பலிலேயே நுழைகிறார்கள். வியட்நாம் 2023 ஓகஸ்ட் 15 முதல் எல்லா நாட்டவருக்கும் 90 நாள் மின்விசா தருகிறது. ஒரு நுழைவுக்கு 25 டொலர், பல நுழைவுக்கு 50. விண்ணப்பத்தில் எந்த வாசலால் வருகிறீர்கள் என்று தெரிவுசெய்ய வேண்டும். விமான நிலையத்தைப் பழக்கத்தில் அழுத்திவிடாதீர்கள். ஆற்று எல்லை வாசலுக்குத் தனிப் பெயர் இருக்கிறது. கப்பல்காரரிடம் அந்தப் பெயரை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நைல்: லக்சரிலிருந்து அஸ்வான். ஒரே நாடு. எகிப்து விசா ஒன்று, நுழைவும் ஒன்று.

7 ஏப்ரல் 2025

நைலுக்கு அடுத்து கங்கையை விட்டுவிட்டேன் என்று முள்ளியவளையிலிருந்து நினைவூட்டுகிறார்கள். 2023 ஜனவரி 13 அன்று வாரணாசியில் புறப்பட்ட கங்கா விலாஸ் என்ற கப்பல் 51 நாளில் 3,200 கிலோமீற்றர் ஓடி அசாமின் திப்ருகருக்குப் போனது. தொடக்கமும் முடிவும் இந்தியா, நடுவில் வங்கதேசம். என் 01 கதை அச்சாக இங்கேயும் இருக்கிறது: இந்தியாவை விட்டு வெளியேறி மீண்டும் இந்தியாவுக்குள் வருகிறீர்கள். வங்கதேச விசா ஒன்றும், மீண்டும் நுழைய இடம் தரும் இந்திய விசா ஒன்றும் வேண்டும்.

11 மே 2025

நாள்களைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. விசாவில் இரண்டு கணக்கு இருக்கிறது. எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை என்பது ஒன்று. அதற்குள் எத்தனை நாள் நிற்கலாம் என்பது இன்னொன்று. பொதுவாகத் திகதிகளில் பதினைந்து நாள் கூட்டித் தருவார்கள், பயணம் தள்ளிப்போனால் உதவுவதற்கு. நிற்கும் நாள் அதனால் கூடாது. 27 நாள் என்று இருந்தால் 27தான், இறங்கும் நாளும் ஏறும் நாளும் உட்பட.

ஆற்றில் இதற்கு இன்னும் முக்கியம் உண்டு. 2024 செப்டெம்பரில் வெள்ளம் வந்தபோது டான்யூப்பில் போக்குவரத்தை நிறுத்தி, பயணிகளோடு கப்பல்கள் வியன்னாவில் நின்றன. 2018 கோடையிலும் 2022 கோடையிலும் மறுபக்கம்: தண்ணீர் வற்றிக் கப்பல் நகர முடியாமல் ஆட்களை பஸ்ஸில் ஏற்றினார்கள். இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்த 2018 டிசம்பரைக் கண்டவர்களுக்கு ஆறு யாருடைய நேர அட்டவணையும் கேட்காது என்று சொல்லித் தர வேண்டியதில்லை. பயணம் முடியும் நாளுக்கு மேல் சில நாள் கூட்டிக் கேளுங்கள்.

22 ஜூன் 2025

திரும்பி வந்து ஒரு கிழமை. காலில் வீக்கம் இப்போதுதான் வற்றியது.

கப்பலில் ஏறிய அன்றே வரவேற்பு மேசையில் கடவுச்சீட்டைக் கேட்டார்கள். பயணம் முடியும்வரை தாங்கள் வைத்திருப்பார்களாம், அதிகாரிகள் வந்தால் நித்திரையிலிருந்து எங்களை எழுப்பாமல் காட்டுவதற்காக. எல்லாரும் தேநீர்க் கோப்பையைக் கொடுப்பது போலக் கொடுத்துவிட்டுப் போனார்கள். என் கை விடவில்லை. அந்தப் பிள்ளை சிரித்த முகத்தோடு கையை நீட்டியபடி நிற்கிறாள், நான் மறுமுனையைப் பிடித்தபடி நிற்கிறேன். தங்கை வந்து என் தோளைத் தொட்டாள். “கொடுங்கள் அக்கா, இது ஓமந்தை இல்லை” என்றாள். போர்க்காலத்தில் எங்களைச் சோதித்த சாவடி அது. கொடுத்தேன். விசாப் பக்கத்தைப் படம் எடுத்துவைத்துக் கொண்டுதான் கொடுத்தேன், நீங்களும் எடுத்துவையுங்கள்.

வியன்னாவை விட்ட அன்று நான் மேல்தளத்தை விட்டு இறங்கவில்லை. ஆஸ்திரியா முடிந்து சிலோவாக்கியா தொடங்கும் இடத்தைக் காண வேண்டும். மொராவா ஆறு இடது பக்கத்தால் வந்து சேர்கிற மூலையில் ஒரு பாறை, பாறையின் மேல் தெவீன் கோட்டை. அதுதான் எல்லை. ஒரு மீன்பிடிப்பவர் தூண்டிலோடு உட்கார்ந்திருந்தார், சைக்கிளில் இரண்டு பிள்ளைகள் போனார்கள். கப்பல் வேகத்தைக் குறைக்கவும் இல்லை. ஓமந்தையில் வெயிலில் பொதிகளை அவிழ்த்துக் காட்டிவிட்டு, மறுபடி கட்டி, வவுனியாவுக்குப் போய்ச் சேரப் பொழுதுபடும். எண்பது கிலோமீற்றர் போவதற்குப் பாஸ் எடுத்த காலமும் இருந்தது. இங்கே நான் இரண்டு நாட்டுக்கு நடுவில் நிற்கிறேன், என் கையில் தேநீர் மட்டும் இருக்கிறது. இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். “எங்கே எல்லை?” என்றார். “தாண்டியாயிற்று” என்றேன். அவர் திரும்பி அந்தப் பாறையையே நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

இவருக்குப் பிடித்தது கப்சிக்கோவோ நீர்ப்பூட்டு. இரவில் கப்பல் ஒரு கொங்கிறீற்றுப் பெட்டிக்குள் போய் நிற்க, பின்னால் கதவு மூட, தண்ணீர் வடிய, கப்பல் கிட்டத்தட்ட இருபது மீற்றர் கீழே இறங்குகிறது. கையை நீட்டினால் ஈரச் சுவரைத் தொடலாம். “பெரிய துருசு” என்றார், குளத்து மதகை நினைத்து. எவ்வளவு தண்ணீர், எத்தனை நிமிடம், கதவை எது தூக்குகிறது என்று மருமகனை விட்டுக் கேட்கவைத்து, கப்பல் ஊழியர் ஒருவரை அரை மணி நேரம் பிடித்துவைத்துக் கொண்டார்.

24 ஜூன் 2025

விட்டுப்போனது: உள் எல்லையில் சோதனையே கிடையாது என்று நினைத்துவிடாதீர்கள். ஜேர்மனி 2024 செப்டெம்பர் 16 முதல் தன் தரை எல்லைகள் எல்லாவற்றிலும் சோதனை வைத்திருக்கிறது. ஆஸ்திரியப் பக்கத்தில் அது 2015இலிருந்தே உண்டு. சூரிச்சிலிருந்து பஸ்ஸாவுக்கு நாங்கள் ரயிலில் போனபோது வழியில் பொலிஸார் ஏறிப் பார்த்தார்கள். கடவுச்சீட்டு பெட்டிக்குள் இருக்கக் கூடாது, உடம்போடு இருக்க வேண்டும்.

19 ஒக்டோபர் 2025

புதிய செய்தி. ஒக்டோபர் 12 முதல் ஷெங்கன் வெளி எல்லைகளில் முத்திரைக்குப் பதில் கணினிப் பதிவு தொடங்கியிருக்கிறது. படிப்படியாக வருகிறது, 2026 ஏப்ரல் 10க்குள் எல்லா வாசல்களிலும் முழுதாக வந்துவிட வேண்டும் என்பது திட்டம். விசாவோடு போகும் எங்களுடைய கைரேகை ஏற்கெனவே அவர்களிடம் இருப்பதால் முகப்படம் மட்டும் எடுப்பார்கள். கனடா, பிரித்தானியக் கடவுச்சீட்டுக்காரரிடம் கைரேகையும் எடுப்பார்கள். நின்ற நாளை இனிக் கணினி எண்ணும். முத்திரை மங்கலாக இருக்கிறது, எண்ண முடியவில்லை என்ற பேச்சுக்கு இடமில்லை.

கனடாவிலிருந்து கேட்ட பிள்ளைக்கு: நீங்கள் சொல்லும் 20 யூரோ முன் அனுமதி வேறு விடயம். அது விசாத் தேவையில்லாதவர்களுக்கானது, 2026 கடைசிக் காலாண்டில் தொடங்குவதாக அறிவித்திருக்கிறார்கள். இப்போதே அதைப் பெற்றுத் தருவதாகச் சொல்லி யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

23 நவம்பர் 2025

விசுவமடுத் தம்பியை நினைவிருக்கும். மார்ச்சில் என் கதையைக் கேட்டுவிட்டுப் பயணத்தை ஒத்திவைத்தார். முகவரிடம் போகவில்லை. படிவத்தைத் தானே நிரப்பினார். கூடவே ஒரு தாளில் நாள், துறை, நாடு என்று மூன்று பத்தி போட்டு, ஷெங்கனுக்குள் போகும் இரண்டு இடத்தையும் சிவப்புப் பேனாவால் கோடிட்டு, “ஆகவே இரண்டு நுழைவு கேட்கிறேன்” என்று எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளை எனக்கு முன்னரே அனுப்பியிருந்தார். ஓர் எழுத்துப்பிழை திருத்தியதைத் தவிர நான் ஒன்றும் செய்யவில்லை.

நேற்று விசாவின் படம் வந்தது. கட்டத்தில் 02. கீழே ஒரு கேள்வி: “ரீச்சர், இரண்டு போதுமா?”

போதும் தம்பி. ஜேர்மனியில் இறங்கும்போது ஒன்று. சேர்பியாவிலிருந்து பல்கேரியாவுக்குள் வரும்போது இரண்டு. புக்காரெஸ்டிலிருந்து அக்கா வீட்டுக்குத் திரும்பும் விமானம் உள்ளுக்குள்ளேயே பறக்கிறது, அதற்கு எண்ணிக்கை இல்லை. அங்கிருந்து நேரே வீட்டுக்கு வாருங்கள், இடையில் வேறெங்கும் வெளியே போய் வர நினைக்காதீர்கள்.

ஒரு விருப்பம் மட்டும். இரும்புக் கதவைக் கப்பல் எந்த நாள், எத்தனை மணிக்குக் கடக்கிறது என்று ஏறிய அன்றே கேட்டுவையுங்கள். விடியற்காலையாக இருந்தால் மனைவியையும் எழுப்பி மேல்தளத்துக்குப் போங்கள். மலை இரண்டு பக்கத்தாலும் நெருங்கி வரும் இடத்தில் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், தண்ணீரும் தெரியும்படி.